பத்து மாதத்துக்காக ஒரு பிறந்த தேதி: ஜெனரல் வி.கே. சிங் பணிப்பதிவேட்டு வழக்கு

தரைப்படையின் முன்னாள் தலைமைத் தளபதி ஜெனரல் வி.கே. சிங் எந்த ஆண்டில் பிறந்தார் என்பதை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 10 அன்று தீர்த்துவைத்ததாகப் பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீதிமன்றம் அப்படி எதையும் தீர்க்கவில்லை. அவர் உண்மையில் எப்போது பிறந்தார் என்பது தங்கள் முன் உள்ள கேள்வி அல்ல, பணிப்பதிவேட்டில் அரசு எந்தத் தேதியை ஏற்கிறது என்பதே கேள்வி என்று நீதிபதிகள் ஆர்.எம். லோதா, எச்.எல். கோகலே அமர்வு வெளிப்படையாகவே சொன்னது. மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விஷயம் அங்கே முடிந்தது.

ராணுவ ஆவணத்தில் பெயரையோ பிறந்த தேதியையோ மனைவி பெயரையோ திருத்தக் கோரும் மனு எதுவாக இருந்தாலும் அது வெல்வதும் தோற்பதும் இந்த வேறுபாட்டில்தான். நாயக் என்ற கீழ்நிலைப் பதவியில் ஓய்வுபெற்ற ஒருவரின் மனுவிலும் இதே முடிச்சுகள் இருக்கும், ஆனால் அந்தக் கோப்பு வெளியே வராது. தரைப்படைத் தலைமைத் தளபதியே மனுதாரர் என்பதால் இந்த வழக்கில் காகிதங்கள் எல்லாம் பொதுவெளிக்கு வந்தன. அவர் அப்போது ஓய்வுபெறவில்லை, பதவியில் இருந்தார். அந்த வித்தியாசத்தைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் கணக்கு. தரைப்படைத் தலைமைத் தளபதியின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள் அல்லது 62 வயது, இரண்டில் எது முந்துகிறதோ அது. வி.கே. சிங் 2010 மார்ச் 31 அன்று பொறுப்பேற்றார். பிறந்த தேதி 10 மே 1950 என்றால் 2012 மே மாதம் 62 வயது நிறைகிறது, மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டும். 10 மே 1951 என்றால் 62 நிறைவது 2013 மே மாதம், ஆனால் அதற்கு முன்பே மூன்றாண்டு முடிந்துவிடும், எனவே 2013 மார்ச் இறுதி. ஆண்டில் ஒன்று கூடினாலும் பதவியில் கூடுவது பத்து மாதம்தான். அந்தப் பத்து மாதத்துக்காகத்தான் பதவியில் இருக்கும் ஒரு தரைப்படைத் தளபதி சொந்த அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தார். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. தனக்குப் பதவி பொருட்டல்ல, மானமும் நேர்மையும்தான் பொருட்டு என்று அவர் தரப்பு சொல்லிவந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து மாதத்தில் அடுத்த தளபதி யார் என்பதும் அடங்கியிருந்தது. வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓய்வு தேதி உண்டு. லெப்டினன்ட் ஜெனரல் 60 வயதில் போய்விடுவார். மேலே இருப்பவர் பத்து மாதம் கூடுதலாக இருந்தால் கீழே நிற்பவர் மாறிவிடுவார்.

ஒரு படிவம், இரண்டு பிரிவுகள்

தவறு தொடங்கிய இடம் ராஜஸ்தானின் பிலானி. அங்குள்ள பிர்லா பப்ளிக் ஸ்கூலில் படித்த மாணவர் வி.கே. சிங் 1965இல் தேசிய பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு விண்ணப்பித்தார். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்குப் போன அந்தப் படிவத்தில் பிறந்த ஆண்டு 1950 என்று இருந்தது. பள்ளியில் இருந்தவர் நிரப்பும்போது நேர்ந்த பிழை என்பது அவருடைய விளக்கம். தந்தையும் ராணுவ அதிகாரி, ராஜ்புத் ரெஜிமென்ட். பையனுக்கு வயது பதினான்கோ பதினைந்தோ, எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் படிவத்தின் எடையை உணரும் வயது அல்ல.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் கணக்குப் பார்த்து ஒரு மே மாதத் தேதியோ ஜூன் மாதத் தேதியோ எழுதிவிடுவார், அதுவே கடைசிவரை பிறந்த நாளாக நின்றுவிடும். ஒரு தலைமுறைக்கே மே, ஜூனில் பிறந்தநாள். அந்தத் தேதியைச் சரியோ தவறோ, எல்லா ஆவணமும் ஒரே மாதிரி சொன்னால் யாருக்கும் தொல்லை இல்லை. வி.கே. சிங் விஷயத்தில் ஒரு ஆவணம் ஒன்றையும் இன்னொன்று வேறொன்றையும் சொன்னது. அவருடைய பள்ளியிறுதிச் சான்றிதழில் இருந்தது 10 மே 1951.

அவர் 1970 ஜூனில் ராஜ்புத் ரெஜிமென்ட்டின் இரண்டாவது பட்டாலியனில் கமிஷன் பெற்று அதிகாரியானார். அதற்குப் பிறகு அவருடைய பிறந்த தேதி இரண்டு வாய்க்கால்களில் ஓடியது. ராணுவத் தலைமையகத்தில் அட்ஜுடன்ட் ஜெனரல் பிரிவுதான் அதிகாரிகளின் அதிகாரபூர்வ ஆவணக் காப்பாளர். அங்கே பள்ளியிறுதிச் சான்றிதழின் அடிப்படையில் 1951 பதிவாகியிருந்தது. பதவி உயர்வு, பணியிட மாற்றம் ஆகியவற்றைக் கவனிக்கும் மிலிட்டரி செக்ரட்டரி பிரிவில் தேர்வாணையப் படிவத்தின் வழியே வந்த 1950 இருந்தது. அச்சிட்ட அதிகாரிகள் பட்டியலிலும் 1950 ஏறிவிட்டது. ஒரே தலைமையகம், ஒரே ஆள், இரண்டு பிறந்த ஆண்டு. அவர் மேஜரானார், கர்னலானார், பிரிகேடியரானார், இரண்டு பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

இந்த வழக்கைப் பற்றிய பேச்சில் எல்லோரும் ஜெனரலின் குணத்தையும் பாதுகாப்பு அமைச்சரின் குணத்தையும் அலசினார்கள். என் பார்வையில் முதல் குற்றவாளி இந்த முப்பத்தைந்து ஆண்டு மெத்தனம். பதவி உயர்வுக் கோப்பு ஒவ்வொரு படியிலும் பிறந்த தேதியைக் கேட்கும், ஏனென்றால் மேல்பதவிக்கு இன்னும் எவ்வளவு பணிக்காலம் மீதி என்ற கணக்கு அதில் உண்டு. ஒருமுறையாவது காப்பாளர் பிரிவின் ஏட்டோடு ஒத்துப்பார்த்திருந்தால், அவர் கேப்டனாக இருந்தபோதே ஒரு பக்கக் கடிதத்தில் முடிந்திருக்கும்.

மூன்று கடிதங்கள்

முரண்பாடு வெளியே வந்தது 2006இல், அவர் லெப்டினன்ட் ஜெனரல் நிலைக்குப் பரிசீலிக்கப்பட்டபோது. மிலிட்டரி செக்ரட்டரி பிரிவு விளக்கம் கேட்டது. அவர் 1951தான் சரி என்று சான்றிதழைச் சுட்டிக்காட்டினார். இரண்டாண்டுக்குள் திருத்தக் கோரவில்லை, இப்போது மாற்ற முடியாது என்று பிரிவு பதில் சொன்னது. 2008இல் ராணுவ கமாண்டராக, அதாவது கிழக்குப் பிராந்தியத் தளபதியாக அவரை உயர்த்தும் கோப்பு நகரும் நேரம். மறுபடியும் அதே கேள்வி. அப்போது அவர் எழுதிக்கொடுத்தவைதான் பின்னர் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நின்றன. அமைப்பின் நலன் கருதி எடுக்கப்படும் முடிவை ஏற்கிறேன் என்ற பொருளில் எழுதியிருந்தார். 2009லும் இன்னொரு முறை.

இந்தக் கடிதங்கள் நெருக்குதலில் எழுதப்பட்டவை என்பது அவர் வாதம். பதவி உயர்வுக் கோப்பு மேசையில் இருக்கும்போது, நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா என்று மேலிடத்திலிருந்து கேட்டால் அது எவ்வளவு தூரம் சுதந்திரமான ஒப்புதல் என்ற கேள்வி நியாயமானது. ஒப்புக்கொள்ளாவிட்டால் கோப்பு நிற்கும், கோப்பு நின்றால் வேறொருவர் போய்விடுவார். அரசு வேலை பார்த்த எவருக்கும் இந்த மிரட்டலின் மணம் தெரியும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எழுதிக்கொடுத்தவர் புதிதாகச் சேர்ந்த சிப்பாய் அல்லர். பல்லாயிரம் பேரை நடத்தும் நிலையில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல். "எதிர்ப்புக்குட்பட்டு ஏற்கிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அல்லது அப்போதே சட்டப்படியான முறையீடு தாக்கல் செய்திருக்கலாம். ராணுவச் சட்டம் 1950இன் 27ஆம் பிரிவு அதிகாரிகளுக்கு அந்த வழியை வைத்திருக்கிறது. அவர் இரண்டையும் செய்யவில்லை. கடிதம் கொடுத்தார், பதவி வந்தது, மறுபடி கடிதம் கொடுத்தார், மறுபடி பதவி வந்தது. 1950ஐ ஏற்றதன் பலனை வாங்கிக்கொண்டு பிறகு 1951ஐக் கேட்பதா என்று அரசு கேட்டபோது பதில் சொல்வது கடினமாயிற்று.

இதிலே ஒரு முரண்நகை. 1950 என்று வைத்துக்கொண்டாலும் அவர் தலைமைத் தளபதியாகத் தகுதியானவரே. லெப்டினன்ட் ஜெனரலாக 60 வயது நிறைவது 2010 மே மாதம், பதவி காலியானது அதே ஆண்டு மார்ச் 31. இரண்டே மாதம் மீதியிருக்க உள்ளே வந்துவிட்டார். 1951ஆக இருந்தாலும் அதே நாளில் அதே பதவிதான். ஆகவே ஆண்டு எதுவானாலும் நுழைவு மாறவில்லை, வெளியேறும் நாள் மட்டுமே மாறியது. 2006லேயே இதைப் பேனாவும் காகிதமும் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கலாம்.

காப்பாளர் ஏடு திருத்தப்பட்ட விதம்

அவர் தலைமைத் தளபதியான பிறகு ஒரு தகவல் உரிமைச் சட்ட மனு கோப்பைக் கிளறியது. 2011 தொடக்கத்தில் சட்ட அமைச்சகத்தைச் சேர்ந்த ஆலோசகர் 1951க்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னார், அட்ஜுடன்ட் ஜெனரல் பிரிவும் அதையே உறுதிசெய்தது. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் சிலர் அவருக்கு ஆதரவாகச் சட்டக் கருத்து அளித்தார்கள். மறுபுறம் அரசுத் தலைமை வழக்கறிஞர் கூலம் வாஹன்வதி 1950 என்றார். பாதுகாப்பு அமைச்சகம் அதை ஏற்றுக்கொண்டு 2011 ஜூலை 21 அன்று 1950தான் என்று ஆணையிட்டது. அதோடு நிற்காமல், காப்பாளர் பிரிவின் ஏட்டில் இருந்த 1951ஐயும் 1950 ஆக்கச் சொன்னது.

இந்த இடத்தில் ஆவண வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். காப்பாளரின் ஏடுதான் மூலம் என்பது ராணுவத்தின் சொந்த விதி. மூலத்தைப் பார்த்து நகலைத் திருத்துவது வழக்கம். இங்கே நகலைப் பார்த்து மூலம் திருத்தப்பட்டது. அரசின் வாதம், நுழைவின்போது கொடுத்த தேதியே அடிப்படை, அதை உரிய காலத்துக்குள் மாற்றக் கோரவில்லை, எனவே காப்பாளர் ஏட்டில் இருந்ததுதான் பிறழ்வு என்பது. சட்டத்தின் எழுத்துக்கு அது பொருந்தலாம். ஆனால் பள்ளியிறுதிச் சான்றிதழை விடவும் ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு அதிக மதிப்பா என்ற கேள்விக்கு அந்த ஆணையில் திருப்தியான பதில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆகஸ்டில் அவர் சட்டப்படியான முறையீட்டைப் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணியிடம் கொடுத்தார். 2011 டிசம்பர் 30 அன்று அது நிராகரிக்கப்பட்டது. 2012 ஜனவரி 16 அன்று அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். படைவீரர் வழக்குகளுக்கென்று ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 முதல் இயங்குகிறது, சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நேரே உச்சிக்கே போனார்.

நீதிமன்றத்தில்

முதல் சுற்று அவருக்குச் சாதகம். பிப்ரவரி 3 அன்று நீதிபதிகள் டிசம்பர் 30 ஆணையின் மீது கைவைத்தார்கள். ஜூலை ஆணை அரசுத் தலைமை வழக்கறிஞரின் கருத்தை வைத்து எழுதப்பட்டது. அதை எதிர்த்துக் கொடுத்த முறையீட்டை நிராகரித்தபோதும் அதே வழக்கறிஞரின் கருத்தையே கேட்டிருந்தார்கள். முதலில் தீர்ப்புச் சொன்னவரிடமே மேல்முறையீட்டுக்கும் ஆலோசனை கேட்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் சுட்டியது, ஆணையைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று அரசிடம் கேட்டது. பிப்ரவரி 10 அன்று அரசு டிசம்பர் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

செய்தித்தாள்கள் இதை ஜெனரலின் வெற்றி என்று எழுதத் தயாராக இருந்தன. அன்றே காற்று மாறியது. டிசம்பர் ஆணை போனாலும் ஜூலை ஆணை நிற்கிறது. அதை உடைக்க வேண்டுமானால் அந்தக் கடிதங்களைத் தாண்டியாக வேண்டும். ஏற்றுக்கொள்கிறேன் என்று நீங்களே எழுதிக்கொடுத்திருக்கிறீர்களே என்று நீதிபதிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவருக்காக வாதிட்ட மூத்த வழக்கறிஞர் யு.யு. லலித், பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியானவர். அவராலும் அந்தக் காகிதத்தை அப்புறப்படுத்த முடியவில்லை. ஜெனரலின் நேர்மையிலோ படையை நடத்தும் திறமையிலோ தங்களுக்கு எந்த ஐயமும் இல்லை என்று அரசு சொன்னதை நீதிமன்றம் பதிவுசெய்தது. மானம்தான் கேள்வி என்றால் அது தீர்ந்தது. மனு திரும்பப் பெறப்பட்டது. 2012 மே 31 அன்று ஜெனரல் பிக்ரம் சிங்கிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு அவர் ஓய்வுபெற்றார்.

சட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளித்திருக்காது. 1993இல் ஹர்நாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பிறந்த தேதியைத் திருத்தக் கோர மத்திய அரசு ஊழியருக்கு ஐந்தாண்டுக் காலவரம்பு உண்டு, பல பத்தாண்டு சும்மா இருந்துவிட்டு ஓய்வு நெருங்கும்போது எழுந்து வருபவருக்கு நீதிமன்றம் உதவாது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு அரசுக்கும் டி.வி. வேணுகோபாலனுக்கும் இடையிலான வழக்கில் அதே கொள்கை தமிழ்நாட்டுப் பணி விதிகளுக்கும் உறுதியானது. இங்கும் ஐந்தாண்டுதான். நீதிமன்றங்கள் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் மனுதாரர் பொய் சொல்கிறார் என்பதல்ல. ஒருவர் ஓராண்டு கூடுதலாக இருந்தால் அவருக்குக் கீழே பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஒரு வரிசையே பாதிக்கப்படுகிறது. அவர்கள் யாரும் வழக்கில் தரப்பினராக இல்லை.

ஓய்வுபெற்றவரின் மனு

வெளியே வந்துவிட்ட முன்னாள் படைவீரருக்கு இதில் என்ன இருக்கிறது? முதலில், எந்த விவரத்தைத் திருத்தக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். பிறந்த தேதி பணிக்காலத்தைத் தீர்மானித்த தகவல். வேலையில் சேர்ந்தது, ஓய்வுபெற்றது, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அதன்மேல் கட்டியவை. ஓய்வுக்குப் பின் ஆதாரில் வேறு தேதி இருக்கிறதே என்று ராணுவ ஆவணத்தை மாற்றக் கேட்டால் பெரும்பாலும் பலிக்காது. பணிப்பதிவேட்டுக்கு ஏற்ப ஆதாரை மாற்றிக்கொள்வதுதான் நடைமுறை, பதிவு நேரத்தில் கொடுத்த தேதி தவறென்றே தெரிந்தாலும்.

பெயர் அப்படியல்ல. மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், அவர்கள் பிறந்த தேதி, சொந்தப் பெயரின் எழுத்து ஆகியவற்றால் வேறு யாருடைய பதவியும் போவதில்லை. இங்கே காலவரம்பு இவ்வளவு கழுத்தைப் பிடிக்காது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் நம்மைக் குடும்பப் பெயர் கேட்கும் படிவம் குழப்பும். வடக்கே ஒரு பயிற்சி மையத்தில், தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரே ஆவணமாகும். முன்னெழுத்து பின்னால் போகும், பின்னால் இருப்பது முன்னால் வரும், "ழ" எங்காவது "ல" ஆகும் அல்லது "ஜ" ஆகும். பணியில் இருக்கும்போது திருமணமும் குழந்தைப் பிறப்பும் பார்ட் டூ ஆர்டர், அதாவது இத்தகைய சொந்த விவர மாற்றங்களுக்கு யூனிட் வெளியிடும் ஆணை, வழியாகத்தான் ஆவணத்தில் ஏறும். விடுப்பில் வந்து கல்யாணம் செய்துகொண்டு, யூனிட்டுக்குத் திரும்பி அந்த ஆர்டர் வெளியானதா என்று பார்க்காமலே விட்டவர்கள் நிறைய. அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவி, அதுவும் கணவர் இறந்த பிறகு, குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் நாளில். ஓய்வூதிய ஆணையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயர், மூன்றும் ஒரே பெண் என்று நிரூபிக்கும் பொறுப்பு துக்கத்தில் இருக்கும் அவர் தலையில்.

வழி இருக்கிறது, நீளமானது என்றாலும் குழப்பமானதல்ல. ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது நீலகிரியில் வெலிங்டன். மனு அங்கே போக வேண்டும், பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு நேராக அல்ல. ஆவண அலுவலகம் தன் ஏட்டைத் திருத்தினால்தான் பிரயாக்ராஜ் திருத்த ஓய்வூதிய ஆணையை வெளியிடும். இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்களின் மனு கணக்கு அலுவலகத்துக்கும் ஆவண அலுவலகத்துக்கும் இடையே ஊசலாடிக்கொண்டிருக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கோப்புக்கு ஒரு முத்திரையும் தேடிக் கேட்க ஓர் ஆளும் கிடைக்கும். பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளம் வந்த பிறகு விவரங்களைப் பார்ப்பது எளிதாகியிருக்கிறது. திரையில் தெரியும் பிழையைக் கண்டவுடன் அங்கேயே கோரிக்கை வைக்கலாம், ஆனால் மூல ஆவணம் ஆவண அலுவலகத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

மனுவோடு என்ன வைப்பது என்பதில் வி.கே. சிங் வழக்கு நேரடியாகவே உதவும். அவர் பக்கம் சான்றுகள் குறைவாக இல்லை. அவரைக் கவிழ்த்தவை அவருடைய சொந்தக் கையெழுத்திட்ட காகிதங்கள். ஆகவே மனு எழுதுமுன், பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வு நேரத்தில் மனைவியோடு எடுத்த கூட்டுப் புகைப்படம் ஒட்டிய படிவம், குடும்ப விவரப் படிவம் ஆகிய எதிலெல்லாம் நாமே கையெழுத்திட்டு அந்தத் தவறான பெயரை ஏற்றிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். இருந்தால் மறைக்காமல் மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லி, அது எப்படி நேர்ந்தது என்று விளக்க வேண்டும். அவர்களே கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருந்தால் அது வாதமாக மாறிவிடும். பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம், பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுபவை. ஒவ்வொன்றிலும் எழுத்து எழுத்தாக ஒரே பெயர் இருக்க வேண்டும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று போடலாம். மனு எந்த மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும். நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு அந்தக் காகிதம் வேண்டும். தீர்ப்பாயத்துக்கும் காலக்கெடு உண்டு. இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஆறு மாதம்.